மட்டி பொறுக்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

அரையாண்டு லீவு. பாளையங்கோட்டையிலிருந்து குடும்பத்தோடு திருச்செந்தூர் போகிறீர்கள். சாமி கும்பிட்டாச்சு. அப்படியே புன்னைக்காயல் வரை போய், தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தையும் பார்க்கலாம் என்று ஒரு ஆசை. பையன் டி.வி.யில் பார்த்ததைச் சொல்கிறான்: "அமெரிக்காவுல சின்னப் பசங்க கண்ணாடி மாட்டிக்கிட்டு, வாயில குழாய் வச்சு மிதந்துகிட்டே சிப்பி அள்ளுறாங்கப்பா. நாமளும் மட்டி எடுக்கலாமா?"

அவன் சொல்வது நிஜம்தான். ஃப்ளோரிடாவில் கோடையில் குடும்பம் குடும்பமாகப் படகில் போய், இடுப்பளவு தண்ணீரில் விசிறிச் சிப்பி எடுக்கிறார்கள். அதற்கென்று சீசன் உண்டு. பெரும்பாலான இடங்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2 காலன் சிப்பிதான். அதற்கு மேல் எடுத்தால் அபராதம்!

நமக்கும் இது புதுசு இல்லை. கொற்கை முத்து உலகப் புகழ் பெற்றதே, கல்லைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கியவர்களால்தான். ஆனால் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழமில்லாத கடலும் 1986-லிருந்து தேசியப் பூங்கா. அங்கே ஒரு சங்கைக்கூடத் தொடக் கூடாது.

சரி, மற்ற இடத்தில் எடுக்கலாமா? இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

மட்டி, ஆளி எல்லாம் நம் வீட்டு வடிகட்டி மாதிரி. மணிக்குப் பல லிட்டர் தண்ணீரை உள்ளே இழுத்து, இரையைப் பிடித்துக்கொண்டு, மீதியை வெளியே விடும். தண்ணீரில் சாக்கடை கலந்திருந்தால் அந்தக் கிருமியும் உள்ளே தங்கும். தாமிரபரணியில் ஊர்க் கழிவு கலக்கிற விஷயம் கோர்ட் வரை போனது உங்களுக்குத் தெரியும். முகத்துவாரத்து மட்டி குடிப்பது அதே தண்ணீரைத்தான்! நன்றாகக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். அரைவேக்காடு என்றால் வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் வரலாம்.

கொதிக்க வைத்தாலும் போகாதது ஒன்று இருக்கிறது. கடலில் சில நேரம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை நுண்பாசி பெருகும். அதன் விஷம் சிப்பியின் உடம்பில் சேரும். சிப்பிக்கு ஒன்றும் ஆகாது, தின்கிற நமக்குத்தான் ஆபத்து. 1981-ல் கல்பாக்கம் பக்கம் வயலூரில் மட்டி சாப்பிட்ட 85 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். மூன்று பேர் பிழைக்கவில்லை. 1997-ல் விழிஞ்ஞத்தில் சிப்பி சாப்பிட்டு 7 பேர் இறந்தார்கள். "மஞ்சளும் பூண்டும் தூக்கலாப் போட்டா விஷம் முறிஞ்சிடும்" என்று ஆச்சி சொன்னால், மரியாதையோடு தலையாட்டிவிட்டு மட்டியைக் கொட்டி விடுங்கள். ருசியிலும் வாசனையிலும் இந்த விஷம் தெரியாது.

"அப்போ அமெரிக்காக்காரங்க மட்டும் எப்படிச் சாப்பிடறாங்க?" என்று கேட்பீர்கள். அவர்கள் விசிறிச் சிப்பியின் ஓட்டை மூடித் திறக்கும் வெள்ளைத் தசையை மட்டும் எடுத்துக்கொண்டு, குடலை வீசிவிடுகிறார்கள். விஷம் பெரும்பாலும் தங்குவது அந்தக் குடலில். நாமோ மட்டியை முழுசாகத் தின்கிறோம்!

அதற்காகச் சிப்பியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரும்புச் சத்து, துத்தநாகம், பி12 எல்லாம் உள்ள அருமையான உணவு அது. கடல் நிறம் மாறியிருந்தாலோ மீன் செத்து ஒதுங்கியிருந்தாலோ மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள். நிறம் மாறாமலும் விஷம் இருக்கலாம் என்பதால், அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்களைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். உயிருள்ள மட்டி, தட்டினால் வாயை மூடிக்கொள்ளும். மூடாததையும், வெந்த பிறகு வாய் திறக்காததையும் தூக்கிப் போடுங்கள். கர்ப்பிணிகள் நன்றாக வேகாததைத் தொடவே கூடாது.

தண்ணீரில் இறங்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடந்தால், புதைந்து கிடக்கும் திருக்கை விலகி ஓடிவிடும். சர்க்கரை நோயோ கல்லீரல் கோளாறோ உள்ளவர்கள் கரையில் உட்கார்ந்து பையைப் பிடிப்பது உத்தமம். சிப்பி கிழித்த சின்னக் காயம்கூட அவர்களுக்குப் பெரிதாகிவிடும்.

சாப்பிட்ட அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உதடு, நாக்கு, விரல் நுனி மரத்துப் போனால் கை வைத்தியம் பார்க்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். இந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. மூச்சு நின்றுவிடாமல் மெஷின் வைத்துத் தாங்கிப் பிடித்தால் ஆள் பிழைத்துக்கொள்வார். சட்டியில் மிச்சம் இருக்கும் மட்டியை ஒரு கவரில் போட்டு, டாக்டரிடம் காட்ட எடுத்துப் போங்கள்.