மணலும் மணியும்

ஒரு நூலின் காலத்தை ஆராயப் புகும் புலவர் முதலில் ஒன்றைத் தெளிந்துகொள்வார்: ஏட்டின் வயது வேறு, அதிலுள்ள பாட்டின் வயது வேறு. நூறு ஆண்டுகளுக்கு முன் படியெடுத்த ஓலையில் ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய செய்யுள் இருத்தல் கூடும். நிலத்தின் காலத்தை ஆராய்வோர்க்கும் இவ்விதி பொருந்தும். திருக்கோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கடற்கரை அதற்குச் சான்று.

அங்குள்ள கரிய மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் முதலிய கனியங்கள் செறிந்துள்ளன. அலைகள் குவித்த அம்மணல் நிலவியற் கணக்கில் நேற்றைய வரவு. அதிலுள்ள சிர்க்கோன் மணியோ பழம்பாறைகள் சிதைந்து உதிர்ந்தது.

சிர்க்கோன் உருவாகும்போது யுரேனியத்தைத் தன்னுள் ஏற்கும். ஈயத்தைப் பெரும்பாலும் விலக்கும். ஆகவே, பின்னர் அதனுள் காணும் ஈயம் யுரேனியம் சிதைந்து பிறந்ததேயாம். யுரேனியத்தின் சமதானிகள், அதாவது எடையால் வேறுபட்ட அணு வகைகள், இரண்டு இங்கே பயன்படுகின்றன. ஒன்று பாதியாகக் குறைய ஏறத்தாழ 447 கோடி ஆண்டும், மற்றது 70 கோடி ஆண்டும் செல்லும். ஒரே மணியில் இரு கடிகாரங்கள். ஒன்றின் பிழையை மற்றது காட்டிக்கொடுக்கும். இம்முறையால் 1987-க்குப் பின்னர் வெளிவந்த ஆய்வுகள், இலங்கையின் உயர்நிலத் தொகுதிப் பாறைகள் ஏறத்தாழ 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன் கடுவெப்பத்தில் உருமாறியவை என்று காட்டின. அவற்றிலுள்ள சில மணிகளின் உட்கருவோ 200 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது.

பொன்னின் காலத்தை அறிவதில் இவ்வேறுபாடு இன்னும் இன்றியமையாதது. பொன்னுக்குத் தன்னுள் நம்பத்தக்க கடிகாரம் இல்லை. 2001-இல் மூடப்பட்ட கோலார்ச் சுரங்கத்தில் வெட்டியெடுத்த பொன், பாறைப் பிளவுகளிற் பாய்ந்த சுடுநீர் விட்டுச்சென்றது, பாறைக்கு இளையது. பாறையின் வயதைப் பொன்னின் வயதாகக் கொண்டால் கணக்குத் தவறும். ஆதலின் பொன்னோடு ஒருங்கே படிந்த மொலிப்டினைட் போன்ற கனியத்தைத் தேடுகின்றனர். அதில் ரீனியம் ஓசுமியமாக மாறிய அளவு, பொன் வந்த காலத்தைச் சொல்லும். எந்நிகழ்ச்சி பொன்னைக் கொணர்ந்தது என்பது தெரிந்தால், இனி எங்கே தேடலாம் என்பதும் தெளிவாகும்.

இத்துறைக்கும் இலங்கைக்கும் உள்ள உறவு பழையது. கலைமேதை ஆனந்த குமாரசுவாமி 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வகத்தின் தலைவராக விளங்கியவர். அக்காலத்தில், 1904-இல், இலங்கையிலிருந்து தோரியனைட் என்னும் புதுக் கனியம் உலகிற்கு அறிமுகமாயிற்று. அதிற் சேர்ந்திருந்த ஹீலியத்தை அளந்து, 1910-இல் இங்கிலாந்து அறிஞர் ஸ்ட்ரட் அதன் பழமையை மதிப்பிட முயன்றார்.

புல்மோட்டை மணல் இன்று பெரிதும் விலைப்பொருளாகவே பேசப்படுகின்றது. அதில் ஒரு பிடி நம் வகுப்பறைகளுக்கும் வரட்டும். ஏட்டிலிருந்து பாட்டைப் பிரித்தறியப் பயின்ற மாணவர்க்கு, மணலிலிருந்து மணியைப் பிரித்தறிதல் அரிதன்று.