மருந்து மட்டும் போதுமா?

முதுமையும் மனச்சிதைவும் ஒருங்கே வந்தடைந்தவரிடம் பேசிப் பயனில்லை என்பது வைத்தியர் பலர் நெடுங்காலம் கொண்டிருந்த அபிப்பிராயம். வேளைக்கு மருந்து, ஒதுங்க ஒரு மூலை. இவை போதுமென்று விட்டுவிட்டனர். இது பொருந்தாத தீர்ப்பென்பதே நமது துணிபு.

அமெரிக்காவில் சான் டியாகோ நகரிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த எரிக் கிரான்ஹோமும் அவர் சகாக்களும் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிசோதனையை நோக்குக. 42 முதல் 74 வயது வரையுள்ள 76 நோயாளிகள் அதில் சேர்ந்தனர். எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை நடந்தது. ஒரு சாராருக்கு மட்டும், வாரம் ஒரு முறையாக 24 வாரம், குழுவாய் அமர்ந்து பேசும் பயிற்சியும் அளிக்கப்பட்டது. காதில் ஒலிக்கும் குரல் மெய்தானா, அதற்கு ருசு என்ன என்று தம்மையே வினவவும், பிறருடன் பழகவும், அன்றாட இடர்களைத் தீர்க்கவும் அவர்கள் கற்றார்கள்.

விளைவு என்ன? நோய்க்குறிகள் மொத்தத்தில் பெரிதும் குறைந்துவிடவில்லை. இதை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் பயிற்சி பெற்றோர் மனிதரோடு கலந்து வாழும் காரியங்களை மிகுதியாகச் செய்தனர். தம் எண்ணத்தைத் தாமே ஐயுற்று ஆராயும் திறன் பின்னர் தளர்ந்ததாயினும், மற்ற நன்மைகள் ஓராண்டு கழிந்தும் நிலைத்தன என்று 2007-இல் அறிவித்தார்கள்.

மருந்தைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. ஆனால் முகமும் நாவும் தாமே அசையும் கோளாறு இம்மருந்துகளால் முதியோருக்கு எளிதில் நேர்கிறது. ஆகவே அளவைக் கூட்டிக்கொண்டே போதல் வழியாகாது. குணப்படாதவர் என்று ஒருவரைக் கணக்கெழுதி மூடுமுன், அவரோடு 24 வாரம் உட்கார்ந்து பேசினோமா என்று ஒவ்வோர் ஆஸ்பத்திரி அதிகாரியும் தம்மைக் கேட்டுக்கொள்ளக் கடவர்.