மூலைக்கு இரண்டு பாசி

போன வாரம் பார்த்தவை நூலில் வரிசையாகக் கோத்த பாசி நகைகள். இந்த வாரம் பார்க்கப்போவது பாசியாலேயே நெய்த நகைகள்: முக்கோணத் தோடு, பிரமிடு பதக்கம், வளைந்து வளைந்து ஓடும் முனைகளுடைய வளையல். கையில் வாங்கிப் பார்ப்பவர்கள் உள்ளே கம்பியோ அட்டையோ இருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பார்கள். எதுவும் கிடையாது. கண்ணாடிப் பாசி, ஊசி, நூல், இவ்வளவுதான்.

இந்த நகைகளில் பெரும்பாலானவை பெயோட்டி என்ற தையலில் செய்யப்படுகின்றன. பெயர் ஒரு கள்ளிச்செடியுடையது. அந்தக் கள்ளியை வழிபாட்டில் சேர்த்துக்கொண்ட அமெரிக்கப் பூர்வகுடியினர், சடங்கு விசிறிகளின் கைப்பிடியை இந்தத் தையலால் போர்த்தினார்கள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். தையல் அதைவிட மிகப் பழையது. எகிப்தின் பழைய பாசி வேலைகளிலும் இது இருக்கிறது. செங்கல் சுவரைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் எப்படியோ, அப்படி ஒவ்வொரு பாசியும் அரைப் பாசி தள்ளி, இரண்டுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தில் உட்காரும்.

முக்கோணம் தொடங்குவது மூன்று பாசியில். மூன்றையும் வளையமாகக் கட்டி, அடுத்த சுற்றில் ஒவ்வொரு இடைவெளியிலும் இரண்டிரண்டு பாசி. மூன்று மூலைகள் பிறந்துவிட்டன. இனி ஒவ்வொரு சுற்றிலும் மூலைக்கு இரண்டு, மற்ற பள்ளங்களுக்கு ஒன்று. விதி முழுவதும் இதுதான். பத்துச் சுற்று போனால் மேசையில் படுத்துக்கொள்ளும் தட்டையான முக்கோணம் கையில் இருக்கும்.

ஏன் தட்டை? மூலைக்கு இரண்டு சேர்த்தால், அந்த மூலையைச் சுற்றி விரியும் பகுதி நடுவில் ஏறக்குறைய 120 பாகையை அடைத்துக்கொள்கிறது. மூன்று மூலைக்கு 360. முழு வட்டம் நிறைந்துவிட்டது. அதே விதியில் மூன்றுக்குப் பதில் நான்கு பாசியில் தொடங்கிப் பாருங்கள். நான்கு மூலைக்கு 480 பாகை வருகிறது; தட்டையான மேசையில் அவ்வளவுக்கு இடம் ஏது? சதுரம் நெளிகிறது. எதிரெதிர் மூலைகள் இரண்டு மேலே எழும்ப, மற்ற இரண்டும் கீழே சரிகின்றன. இரும்பைக் காய்ச்சி வளைத்தாலும் இவ்வளவு அழகாக வராது! கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா தைமிணா 1997-ல் குரோஷாவில் பின்னிக் காட்டிய கணிதப் பரப்புகளும் இந்த இனம்தான்: தேவைக்கு மேல் கண்ணி சேர்த்தால் துணி சுருள்கிறது.

கணக்கு சரியாக வர பாசியும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஜப்பானின் மியுக்கி நிறுவனம் 1982-ல் கொண்டுவந்த டெலிகா பாசிக்கு இங்கேதான் வேலை. உருளை வடிவம், குறுக்களவு 1.6 மில்லிமீட்டர், நீளம் 1.3, சுவர் மெல்லியது, துளை அகலம். ஒரு கிராமுக்குச் சுமார் 200 பாசி. உருண்டைப் பாசியில் இதே முக்கோணத்தைச் செய்யலாம். ஆனால் ஓரம் மழுங்கும், கோணமும் கொஞ்சம் மாறும். நூலுக்குத் தூண்டில்காரர்களிடம் கடன் வாங்கினார்கள். ஃபயர்லைன் என்ற மீன்பிடி நூலைக் கண்ணாடியின் கூரான விளிம்பு எளிதில் அறுக்காது.

முக்கோணங்களை இணைப்பதற்கு ஜிப் போடுவது என்று பெயர். ஒரு விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பாசி மறு விளிம்பின் பள்ளத்தில் விழுகிறது. ஊசி இரண்டுக்கும் மாறி மாறிப் போய்வர, இணைப்புத் தெரியவே தெரியாது. நான்கு முக்கோணம் ஒரு நான்முகி. எட்டு ஓர் எண்முகி. டயேன் ஃபிட்ஸ்ஜெரால்டு 2009-ல் வெளியிட்ட புத்தகம் இத்தகைய உருவங்களுக்கானது.

கேட் மெக்கின்னனும் உலகெங்கும் இருந்த கூட்டாளிகளும் 2012-ல் கொண்டுவந்த புத்தகம் இன்னும் துணிந்தது. ஒரே சுற்றில் சில இடங்களில் பாசியைக் கூட்டி, இடையிடையே குறைத்துக்கொண்டே போனால் கூட்டிய இடம் முனையாக ஏறுகிறது, குறைத்த இடம் பள்ளமாக இறங்குகிறது. விளிம்புகளுக்கு ஜிப் போட்டால் அந்த ஏற்ற இறக்க வளையல் தயார். அதற்குக் கொக்கி கிடையாது. கை முட்டிகளைத் தாண்டி உள்ளே போகுமா என்பது முதல் சுற்றின் பாசி எண்ணிக்கையிலேயே முடிவாகிவிடும். அங்கே எண்ணிக்கை தப்பினால், கடைசிச் சுற்று வரை நெய்ததை மொத்தமாகப் பிரிக்க வேண்டியதுதான்.

(தொடரும்)