ஆறு விலகிப் போன ஊரில் ஆறு நாள்

கொலம்பியா என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது காப்பி, காற்பந்து, போதைப்பொருள் கும்பல்களைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர்கள். மொம்போஸ் என்ற பெயரை என் தோழி சொல்லித்தான் நானே கேள்விப்பட்டேன். பல்கலைக்கழகத்தில் என்னோடு ஊடகத்துறை படித்த கொலம்பியப் பெண் அவர். "ஓட்டல் எல்லாம் வேண்டாம், எங்கள் அம்மா வீட்டில் தங்கலாம் வா" என்று பல ஆண்டுகளாக அழைத்துக்கொண்டே இருந்தார். வானொலியில் நீண்ட விடுப்பு கிடைத்ததும் கிளம்பிவிட்டேன்.

இங்கிருந்து நேரடி விமானம் கிடையாது. நேர வித்தியாசம் 13 மணி. கரீபியக் கரையிலுள்ள கார்த்தஹேனா நகரில் இறங்கி, சாலை வழியாக அரை நாள் உள்ளே போக வேண்டும். மக்தலேனா ஆற்றின் கிளைகளுக்கு நடுவே உள்ள தீவில் இருக்கிறது மொம்போஸ். முன்பெல்லாம் காரையும் பேருந்தையும் மிதவையில் ஏற்றித்தான் ஆற்றைக் கடப்பார்களாம். 2020-இல் 2 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள பாலம் வந்த பிறகு அந்தக் காத்திருப்பு இல்லை.

பணம் போனது, வீடுகள் நின்றன

இந்த ஊர் 1540-இல் உருவானதாக யுனெஸ்கோ குறிப்பிடுகிறது. ஸ்பானியர் ஆட்சிக்காலத்தில் கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையே சரக்கு போய்வந்த பாதை மக்தலேனா ஆறுதான். அதனால் மொம்போஸ் வணிகர்கள் செழித்தார்கள். மற்ற ஸ்பானிய ஊர்களைப் போல நடுவில் ஒரு பெரிய சதுக்கம் வைத்து இதைக் கட்டவில்லை. ஆற்றை ஒட்டியே நீளமாக வளர்ந்த ஊர் இது. முதன்மைத் தெருவே வெள்ளத்தைத் தடுக்கும் கரையாகவும் இருந்தது. மூன்று சதுக்கங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு தேவாலயம். சாந்தா பார்பரா தேவாலயத்தின் எண்கோணக் கோபுரத்தைச் சுற்றி, வீட்டு மாடியில் இருப்பதுபோல ஒரு பால்கனி!

1810 ஆகஸ்டு 6-இல் ஸ்பெயினிடமிருந்து முழு விடுதலை என்று அறிவித்த ஊரும் இதுதான். 1812-இல் சிமோன் பொலிவார் இங்கே திரட்டிய சுமார் 400 பேர்தான் அவர் கராகஸ் நோக்கி நடத்திய படையெடுப்புக்கு அடித்தளம்.

பிறகு ஆறு மாறியது. 19-ஆம் நூற்றாண்டில் மொம்போஸ் பக்கத்துக் கிளையில் மணல் தூர்ந்து, நீரோட்டம் லோபா என்ற வேறு கிளைக்குத் திரும்பியது. பெரிய கப்பல்கள் மகாங்கே என்ற ஊருக்குப் போய்விட்டன. வணிகமும் பின்னாலேயே போனது. பழைய வீட்டை இடித்து மாடி கட்ட யாரிடமும் பணமில்லை. அப்படி இடிபடாமல் நின்ற வெள்ளைச் சுவர்களையும் கம்பிச் சன்னல்களையும்தான் 1995-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

மரவள்ளியும் பாட்டியும்

தோழியின் அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். முதல் நாளே என்னை "மிஹா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். "மகளே" என்று பொருளாம். எனக்கு ஸ்பானியம் அரைகுறை, அவருக்கு ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. ஆனாலும் சமையலறையில் பேச்சு நின்றதே இல்லை.

மதியம் பொரித்த பொகாசிக்கோ ஆற்று மீன், தேங்காய்ப் பால் சோறு, அவித்த மரவள்ளிக்கிழங்கு. மரவள்ளிக்குத் தென் அமெரிக்காதான் தாயகம். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காமல் மலாயாவில் குடும்பம் குடும்பமாக இந்தக் கிழங்கைத் தின்றுதான் உயிர் பிழைத்தார்கள். என் பாட்டி கடைசிவரை அதைக் கையால் தொடமாட்டார். இதைச் சொன்னதும் அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பாட்டியின் பெயரைக் கேட்டார். அன்று மாலை செபத்தில் அந்தப் பெயரையும் சேர்த்துக்கொண்டார்.

மாலையில் வெயில் தாழ்ந்ததும் ஊரே ஆடும் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொள்கிறது. போவோர் வருவோர் எல்லாம் நின்று பேசிவிட்டுத்தான் போகிறார்கள். தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது.

வானொலிக்காரிக்குக் காது சும்மா இருக்குமா? ஒரு வீட்டு வானொலியில் தோத்தோ லா மொம்போசினாவின் குரல். இந்தத் தீவில் உள்ள தலைகுவா என்ற ஊரில் பிறந்தவர். 1982-இல் கப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் நோபெல் பரிசு பெற்றபோது ஸ்டாக்ஹோமில் பாடியவர். "மொம்போஸ் பெண்" என்பதுதான் அவர் பெயருக்குப் பொருள்.

வெள்ளி இழை

தோழியின் அண்ணன் பத்தர் வேலை செய்கிறார். மொம்போஸின் இழை நகைகள் கொலம்பியா முழுவதும் பெயர் பெற்றவை. இரும்புத் தகட்டில் வரிசையாக இருக்கும் துளைகளின் வழியே வெள்ளிக் கம்பியை இழுக்கிறார். ஒவ்வொரு துளையும் முந்தையதைவிடச் சிறியது. மயிரிழை அளவு வந்ததும் இரண்டு கம்பிகளை முறுக்கித் தட்டையாக்கி, சுருள் சுருளாக மடித்துச் சட்டத்துக்குள் அடுக்கிப் பற்றவைக்கிறார். ஒரு சோடி தோட்டுக்காக இரண்டு நாள் குனிந்தே இருந்தார்.

விற்பதா, வைத்திருப்பதா?

நான் இருந்தபோது வீட்டில் ஓடிய பெரிய பேச்சு வேறு. வெளியூர்க்காரர் ஒருவர் வீட்டை விலைக்குக் கேட்டிருந்தார், ஓட்டலாக்க. என் தோழி விற்கலாம் என்றார். ஓடு ஒழுகுகிறது, அம்மா தனியாக இருக்கிறார், தானோ பொகோத்தாவில் இருக்கிறேன் என்பது அவர் நியாயம். அண்ணன் கூடாது என்றார். அவர் பட்டறை அந்தக் கொல்லைப்புறத்தில்தான் இருக்கிறது.

"உன் பாட்டி வீடு இப்போது எப்படி இருக்கிறது?" என்று அம்மா என்னைக் கேட்டார். தோட்டம் துண்டாடப்பட்டு லயம் இடிக்கப்பட்டதையும், அங்கே இப்போது தாமான் வீடுகள் நிற்பதையும் சொன்னேன். "இடம் காட்ட எதுவும் இல்லையா?" என்றார். ஒரு மாமரம் மட்டும் இருக்கிறது என்றேன்.

நான் கிளம்பும் முன் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வீட்டை விற்பதில்லை. முன்பக்க அறைகள் இரண்டைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் ஓடு மாற்றுவது. கணக்கு எழுதும் பொறுப்பைத் தோழி ஏற்றுக்கொண்டார். ஓராண்டு பார்த்துவிட்டு மீண்டும் பேசுவார்களாம். அண்ணன் மகனுக்குப் பதினாறு வயது, பார்ராங்கியா நகருக்குப் படிக்கப் போக ஆசை. "போகட்டும், அதற்குள் கம்பி இழுக்கவாவது கற்றுக்கொள்ளட்டும்" என்கிறார் அப்பா. தினமும் பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் இருவரும் பட்டறையில் உட்காருகிறார்கள்.