கண்டியின் நீர்வழிகள் – 14: மலை பிரிக்கும் இரு கடல்கள்

இலங்கையின் கடலடியைக் காணப் புறப்படுவோர் இடத்தைத் தேடுமுன் மாதத்தைப் பார்க்க வேண்டும் என்பதும், எந்த மாதத்தில் எந்தக் கடல் தெளியும் என்பதைத் தீர்மானிப்பவை கண்டியைச் சூழ்ந்து நிற்கும் மலைகளே என்பதும், கடலே கண்ணிற்படாத ஓர் உள்நாட்டு நகரைப் பற்றிய இத்தொடரில் கடலுக்கும் ஓர் இடம் தரப் போதிய காரணங்களாகும். கடந்த பகுதிகள் மகாவலி கங்கையைப் பேராதனையிலிருந்து விக்டோரியா அணை வரை பின்தொடர்ந்தன. இப்பகுதி அந்த ஆறு சென்று சேரும் கடலையும், அதன் அருகே முருகைக்கற்கள் வளரும் ஆழமற்ற நீரையும் பார்க்கிறது. முருகைக்கல் என்பது தமிழ்நாட்டார் பவளப்பாறை என்று வழங்குவதற்கு ஈழத்துக் கரைகளில் உள்ள பெயர். நுண்ணிய உயிர்கள் தம்மைச் சுற்றிச் சுண்ணாம்பு படியவைத்து, தலைமுறை தலைமுறையாக எழுப்பிய குடியிருப்பு அது.

அதைக் காண்பதற்கு இன்று பெரிதும் கைக்கொள்ளப்படுவது ஸ்நோர்கலிங் எனப்படும் மூச்சுக்குழல் நீச்சல். கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி முகமூடி, வாயில் கவ்வும் வளைந்த குழல், காலில் அணியும் துடுப்பு ஆகிய மூன்றையும் கொண்டு, முகத்தை நீருக்குள் வைத்து மேற்பரப்பிலேயே மிதந்தபடி கீழே நோக்குவது இதன் முறை. குழல் ஏறக்குறைய ஒரு முழ நீளத்துக்கு மேற்படாதிருப்பதற்குக் காரணம் உண்டு: இன்னும் ஆழத்தில் உடல் இருந்தால் நீரின் அழுத்தம் மார்பை விரியவிடாது, குழல் நீண்டால், வெளிவிட்ட மூச்சே அதில் தங்கி மீண்டும் உள்ளே வரும். ஆகவே இந்நீச்சலில் மனிதர் மேற்பரப்பை விட்டு அகல முடியாது. கீழே உள்ளது தெரிய வேண்டுமானால் நீர் தெளிந்திருக்க வேண்டும், மிதக்க வேண்டுமானால் அலை அடங்கியிருக்க வேண்டும். இடத்தேர்வு முழுவதும் இவ்விரண்டு நிபந்தனைகளில் அடங்கும்.

இவ்விரண்டையும் ஆள்வது காற்று. மே முதல் செப்ரெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று நீரைச் சுமந்து வந்து மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையாக இறக்கிவிடுகிறது. அப்போது காலி, மாத்தறைக் கரைகளில் கடல் கொந்தளிக்க, கின் கங்கையும் நில்வளா கங்கையும் செம்மண் கரைத்துக் கடலில் கலக்கின்றன. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வீசும் வடகீழ்ப் பருவக்காற்று, அதாவது வாடை, கிழக்குக் கரையில் அதே வேலையைச் செய்கிறது. இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலும் காற்று திசை மாறுகிறது. மலை மட்டும் நடுவில் இல்லாதிருந்தால் இரு கரைகளுக்கும் இடையே இத்துணைத் தெளிவான வேறுபாடு இருந்திராது. தென்மேற்குக் காற்று தன் ஈரத்தை மேற்குச் சரிவில் இழந்து, மலை தாண்டி இறங்குகையில் வறண்டு சூடேறி, கிழக்கில் கச்சான் என்ற பெயர் பெறுகிறது.

கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோர அலைகள் எழாமல் படுத்துவிடுகின்றன. அதனாலேயே மேற்கில் புயலும் மழையுமாக இருக்கும் அதே ஆடி மாதத்தில் நிலாவெளிக் கடல் கண்ணாடி போல் கிடக்கிறது. ஆயினும் அதே காற்றுக்கு ஓர் ஆபத்தான முகமும் உண்டு. அது மிதப்பவரை மெல்ல மெல்லக் கரையிலிருந்து அப்பால் தள்ளும், முகத்தை நீருக்குள் வைத்திருப்பவர் தாம் விலகிச் செல்வதை உணர்வதில்லை. மலையூரிலிருந்து கடலுக்குச் செல்வோர் அலையைக் கண்டு அஞ்சுவது இயல்பு. அலையற்ற கடலில் முதுகில் படும் காற்றையும் அஞ்சுவதற்கு அவர்கள் பழக வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை தலையை உயர்த்திக் கரையில் உள்ள ஒரு மரத்தையோ கட்டிடத்தையோ அடையாளம் பார்த்துக்கொள்வதும், காற்று வலுக்குமுன் விடிகாலையிலேயே நீரில் இறங்குவதும், தனியே நீந்தாதிருப்பதும் இக்கரையில் தவிர்க்கக்கூடாத ஒழுங்குகள்.

கண்டிக்கு ஊரார் அல்லாதோர் பெருந்திரளாக வரும் காலம் எசல பெரஹெர நிகழும் ஓகஸ்ட் மாதத்தை ஒட்டியது. பள்ளிகளுக்கும் அக்காலத்தில் விடுமுறை. அப்போது கடலை விரும்புவோர் எந்தத் தயக்கமுமின்றிக் கிழக்கு நோக்கிச் செல்லலாம். கண்டியில் தொடங்கும் ஏ9 வீதியில் மாத்தளை வழியாகத் தம்புள்ளையை அடைந்து, அங்கிருந்து ஹபரணை, கந்தளாய் வழியே திருகோணமலை செல்லும் பாதை ஏறக்குறைய 180 கிலோமீற்றர். பெரஹெரவின் நிறைவில் நீர்வெட்டுச் சடங்கு நிகழ்வது கெட்டம்பேயில், மகாவலி கங்கையில். அந்த ஆறும் இதே பயணிகளைப் போலத் திருகோணமலைக்கே செல்கிறது என்பதைக் கண்டியில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர் தொலைவில், வள்ளத்தில் சில நிமிடங்களில் எட்டக்கூடிய புறாத்தீவு, பெரியதும் சிறியதுமான இரு பாறைத் தீவுகளின் தொகுதி. மாடப்புறாக்கள் அங்குள்ள பாறைகளில் கூடு கட்டுவதால் இப்பெயர் அமைந்தது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் அதே இடம் துப்பாக்கி சுட்டுப் பழகும் இலக்காகப் பயன்பட்டது. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இதன் பரப்பு 471 ஹெக்டேயர். அதிற் பெரும்பங்கு கடலே. ஏறக்குறைய நூறு வகை முருகைக்கல்லுயிர்களும் முந்நூறு வகை மீன்களும் இங்கு பதிவாகியுள்ளன. முருகைக்கற்கள் கரையிலிருந்து சில எட்டுகளிலேயே தொடங்குவதால், இடுப்பளவு நீரைக் கடந்தவுடன் கிளைகிளையாகப் பரந்த மான்கொம்பு வகைகளையும், அவற்றைக் கொறித்து மணலாக்கும் கிளிமீன்களையும், மனிதரைக் கண்டால் ஒதுங்கிச் செல்லும் கருமுனைச் சுறாக்களையும் காண முடியும். கண்டியிலிருந்து ஒரே ஒரு கடற்பயணம் மட்டுமே வாய்க்கும் ஒருவருக்கு, மே முதல் செப்ரெம்பர் வரையான காலத்தில், இதைவிடச் சிறந்த இடத்தைச் சுட்டுவது கடினம்.

இத்தீவுக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீற்றரில் மகாவலியின் கழிமுகம் கொட்டியாரக் குடாவில் திறக்கிறது. 335 கிலோமீற்றர் ஓடி வரும் நாட்டின் மிக நீண்ட ஆறு கலக்கும் அந்த வாயிலில் மூச்சுக்குழல் நீச்சலுக்கு இடம் தேடுவது வீண். முருகைக்கல்லுயிரின் உடலுக்குள் ஒருவகை நுண்பாசி குடியிருந்து, சூரிய ஒளியில் உணவு ஆக்கி அதைத் தன் விருந்தளிப்பவருக்கும் பகிர்கிறது. வண்டல் ஒளியை மறைத்தால் பாசி வாடும், படிந்தால் உயிரே மூச்சுத் திணறும், நன்னீர் மிகுந்தால் உப்புக் குறைவைத் தாங்காது. எனவே ஆற்றுவாயிலிருந்து விலகிச் செல்வது எந்தத் தீவிலும் பொருந்தும் விதி. பெருமழை பெய்தால் இரண்டு மூன்று நாட்கள் பொறுத்திருப்பது அதன் துணைவிதி.

கொட்டியாரக் குடா கண்டி வரலாற்றோடு நெருங்கிய உறவுடையது. 1659ஆம் ஆண்டு நவம்பர் மாதப் புயலில் மசூலிப்பட்டினத்தருகே பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று பழுது பார்ப்பதற்காக இக்குடாவுக்கு வந்தது. அதிலிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1660இல் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் சிறைப்பட்டு, 1679இல் தப்பும் வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்தார். நவம்பரில் வங்காள விரிகுடாவை நம்பலாகாது என்பதற்கு இதைவிடப் பழைய சான்றுகளும் உண்டு. இன்றைய பயணிக்கும் ஒக்ரோபர், நவம்பர் மாதங்கள் எந்தக் கரைக்கும் உறுதியானவை அல்ல, கண்டியிலேயே மழை மிகுந்து பெய்யும் மாதங்கள் அவை.

கண்டிவாசிகள் கருத வேண்டிய செய்தி ஒன்று இவ்விடத்தில் உள்ளது. தேயிலைக்காகவும் மரக்கறிக்காகவும் சரிவுகளில் காடு வெட்டப்பட்ட மலைகளிலிருந்து கழுவப்படும் மண் மகாவலியின் வழியே கீழே இறங்குகிறது. 1976இல் பொல்கொல்லையிலும், 1985இல் கொத்மலையிலும் விக்டோரியாவிலும் எழுந்த அணைகள் அம்மண்ணில் ஒரு பகுதியைத் தேக்கிக்கொள்வதால் நீர்த்தேக்கங்கள் தூர்கின்றன. தேங்காத பகுதி மாரி வெள்ளத்தோடு கடலை அடைகிறது. கண்டிச் சரிவில் ஒரு விவசாயி கல்வரம்பு கட்டி மண்ணைக் காப்பது தன் தோட்டத்துக்காகத்தான். எனினும் தான் ஒருபோதும் பார்த்திராத ஒரு கடலின் தெளிவிலும் அவருக்குப் பங்கு உண்டு. மலையையும் கடலையும் தனித்தனித் திணைக்களங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்ட நிர்வாகம் இத்தொடர்பைப் போதிய அளவு கருதவில்லை என்பது இத்தொடரின் உறுதியான கருத்து.

டிசெம்பர் முதல் ஏப்ரல் வரை விடுமுறை பெறுவோர் தென்மேற்கு நோக்கித் திரும்ப வேண்டும். அங்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்ற இடம் ஹிக்கடுவை. 1979இல் கடற் சரணாலயமாகவும் 2002இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டபோதிலும், கண்ணாடி அடித்தள வள்ளங்களின் நெரிசலும், கல்லின்மேல் ஏறி நின்ற கால்களும், 1998ஆம் ஆண்டின் பெருவெப்பமும் சேர்ந்து அதன் முருகைக்கற்களைக் கடுமையாக அழித்தன. அவ்வாண்டு எல் நினோ என்ற பசிபிக் கடல் வெப்பநிகழ்வையொட்டி இந்து சமுத்திரமும் சூடேறியது. வழக்கமான உச்ச வெப்பத்தை விட ஒரு பாகை கூடி அது சில வாரங்கள் நீடித்தாலே முருகைக்கல்லுயிர் தன் பாசியை வெளியேற்றிவிட, சுண்ணாம்பு எலும்பு வெளுத்துத் தெரியும். இதற்கே வெளிறல் என்று பெயர். ஹிக்கடுவையில் இன்று காணக் கிடைப்பவற்றில் கரையருகே மேயும் கடலாமைகளே சிறந்தவை; முருகைக்கல்லைக் காணும் ஆவலோடு மட்டும் அங்கு செல்வோர் ஏமாற்றம் அடையலாம்.

தென்மேற்குக் கரை வெப்பத்தால் மட்டும் அழியவில்லை. கட்டிடச் சாந்துக்கும் வெள்ளையடிப்புக்கும் வேண்டிய சுண்ணாம்புக்காக முருகைக்கற்கள் அங்கு பல தலைமுறைகளாக உடைக்கப்பட்டுக் காளவாய்களில் சுடப்பட்டன. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் 1988இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் இதைத் தடைசெய்தன. கண்டிக்கு அருகே திகனப் பகுதியில் நிலத்திலிருந்தே அகழப்படும் டொலமைட்டு என்ற சுண்ணக்கல் வகை இருக்கும் நாட்டில், கடலின் உயிருள்ள சுவரைச் சுட்டுச் சுவருக்குப் பூசியது வருந்தத்தக்க வீணடிப்பு.

மாத்தறைக்கு அருகே உள்ள பொல்ஹேன, கடலுக்குள் நீளும் கல்வரம்பு அலையைத் தடுப்பதால் குளம்போல் அமைந்த ஆழமற்ற நீரைக் கொண்டது. முதன்முறை குழலைக் கவ்வுவோருக்கு அதுவே தகுந்தது. காலியை அடுத்த உனவட்டுனவும் பயில்வோருக்கு ஏற்றது. குருநாகல், புத்தளம் வழியாகச் செல்லும் கற்பிட்டியின் கடலில், கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி, 1992இல் சரணாலயமான பார் ரீஃப் என்னும் பெருந்திட்டு 300 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்துள்ளது. 1998இல் பெரும்பாலும் மடிந்து, பின்னர் வியக்கத்தக்க வகையில் மீண்டெழுந்து, 2016இல் மீண்டும் வெளிறிய அத்திட்டு, நீச்சலில் தேர்ந்தவருக்கும் கடலை அறிந்த ஓட்டியுடன் செல்பவருக்கும் மட்டுமே உரியது.

சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய ஏப்ரல் விடுமுறையில் இரு கரைகளிலும் கடல் ஓரளவு அமைதியாக இருக்கும் என்பதால் அதுவே தலைசிறந்த காலம் என்று தோன்றும். ஆனால் நீர் மிகவும் சூடேறுவதும், வெளிறல் தொடங்குவதும் ஏப்ரல், மே மாதங்களிலேயே. அக்காலத்தில் முருகைக்கல்லுயிர்கள் ஏற்கனவே நலிந்திருப்பதால், ஒரு துடுப்பின் உதையும், ஒரு கையின் பிடிப்பும், தோலில் பூசிய வெயில்காப்புக் களிம்பின் கரைசலும் மற்றக் காலத்தை விடக் கூடுதலாகத் தீங்கு செய்யும். களிம்புக்குப் பதில் முழுக்கைச் சட்டை அணிந்து நீந்துவதும், களைத்தால் கல்லின்மேல் நிற்காமல் மல்லாந்து மிதப்பதும், மிதக்கத் தெரியாதவர் மிதவை அங்கியை அணிந்துகொள்வதும் கட்டாயமாகப் பின்பற்றத்தக்கவை.

குழந்தைகளுடன் செல்லும் குடும்பங்களுக்கு, ஓகஸ்ட் விடுமுறையில், புறாத்தீவை விடப் பாசிக்குடா பொருத்தமானது. ஹபரணையிலிருந்து பொலன்னறுவை, வாழைச்சேனை வழியாக அடையும் அந்த வளைகுடாவில் நெடுந்தூரம் நடந்தாலும் நீர் இடுப்பைத் தாண்டாது. முருகைக்கற்கள் அங்கு குறைவு என்றாலும், மலைநாட்டுப் பிள்ளை ஒன்று அஞ்சாமல் முகத்தை நீருக்குள் வைத்து மூச்சுவிடக் கற்றுக்கொள்வதற்கு அந்த வெதுவெதுப்பான, அலையற்ற நீர் போதும். புறாத்தீவுக்கு அடுத்த ஆண்டு செல்லலாம்.

(அடுத்த இதழில்: பொல்கொல்லை அணைக்கட்டும் வடக்கே திருப்பப்பட்ட மகாவலியும்)