தானியமும் கொட்டையும் ஆகாத பிள்ளைக்கு எந்த மாவு?



கோதுமை, அரிசி முதலிய தானியங்கள் ஆகாது. நிலக்கடலை, முந்திரி, வாதுமை போன்றவையும் ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்ட ஒரு பிள்ளைக்கு, அணிச்சலும் பலகாரமும் எந்த மாவில் சுட்டுக் கொடுப்பது என்பதைப் பற்றி இன்று பேசலாம்.

இது எங்கோ சிலருக்கு உரிய செய்தி என்று ஒதுக்கிவிட வேண்டாம். பிறந்தநாள் அணிச்சலை வெட்டும்போது வகுப்பே கை நீட்டும். ஒரு பிள்ளை மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும். அதை ஆசிரியர்களாகிய நாங்கள் பார்க்கிறோம். அந்தப் பிள்ளையின் வாயில் தவறான ஒரு துண்டு போய்விட்டாலோ, கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தானா ராத்தா மருத்துவமனைக்கு வளைந்து வளைந்துதான் போக வேண்டும். ஆகவே மாவைத் தேர்ந்தெடுப்பது ருசியைப் பற்றிய காரியம் மட்டும் அன்று.

முதலில், இரண்டு குறைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் சிலருடைய சிறுகுடலைப் புண்படுத்துகிறது. இது சீலியாக் நோய். வில்லம் டிக்கே என்னும் டச்சுக் குழந்தை மருத்துவர் இதற்குக் கோதுமையே காரணமாகலாம் என்று முன்பே ஐயுற்றிருந்தார். 1944-45ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் நெதர்லாந்தில் ரொட்டி அரிதானபோது நோயுற்ற பிள்ளைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. 1950இல் அவர் தம் ஆய்வை வெளியிட்டார். இந்நோய் உள்ளவர்கள் அரிசியும் சோளமும் உண்ணலாம். எல்லாத் தானியங்களையும் விலக்குவது மருத்துவர் சொன்னால் மட்டுமே செய்ய வேண்டியது. கொட்டை ஒவ்வாமையோ வேறு. அது சில நிமிடங்களிலேயே மூச்சைத் தாக்கக்கூடியது. அடுப்பின் சூடு அந்தப் புரதத்தை அழித்துவிடும் என்று நம்பக் கூடாது.

மேல்நாட்டுச் சமையற் குறிப்புகளில் கோதுமைக்குப் பதிலாக வாதுமை மாவைச் சேர்க்கச் சொல்வார்கள். நம் பிள்ளைக்கு அந்த வழி அடைபட்டது. நமக்கு வேறு வழிகள் உண்டு. ஆனால் அவ்வழியில் நம்மைத் தடுமாற வைப்பவை பெயர்களே.

எடுத்துக்காட்டாக, கடலை மாவு என்பது கொண்டைக்கடலை இனத்தின் மாவு. கடலை எண்ணெய் என்பதோ நிலக்கடலையின் எண்ணெய். சொல் ஒன்று, செடி இரண்டு. சவ்வரிசி என்னும் பெயரில் அரிசி இருக்கிறது, பொருளில் இல்லை. சேலத்துச் சவ்வரிசி மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருகிறது. சரவாக்கின் சேகோ, பனை இனத்து மரத்தின் சோற்றிலிருந்து வருகிறது. மலாய் மொழியில் ‘காச்சாங்’ என்பது பயறு, நிலக்கடலை, முந்திரி எல்லாவற்றிற்கும் முன்னால் நிற்கும். ‘காச்சாங் ஹீஜாவ்’ பாசிப்பயறு. ‘காச்சாங் கூடா’ கொண்டைக்கடலை. ‘காச்சாங் தானா’ நிலக்கடலை. ‘காச்சாங் காஜூஸ்’ முந்திரி. எனவே முதல் சொல்லோடு நின்றுவிடாமல் இரண்டாம் சொல்லையும் படிக்க வேண்டும். தானியங்களுக்கு ‘காண்டும்’ கோதுமை, ‘பெராஸ்’ அரிசி, ‘பூலுட்’ பசையரிசி, ‘ஜாகோங்’ சோளம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மாவுகளுக்கு வருவோம். கோதுமை மாவு அணிச்சலில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. அதன் மாவுச்சத்து உடலைத் தருகிறது. அதன் புரதம் இழுபட்டுக் காற்றைப் பிடித்து வைக்கிறது. வேறு எந்த ஒரு மாவும் இவ்விரண்டையும் தனியாகச் செய்வதில்லை. ஆகவே கூட்டாகத்தான் சேர்க்க வேண்டும்.

முதல் வகை, கிழங்கு மாவும் சேகோவும். இவை பெரும்பாலும் வெறும் மாவுச்சத்து. பிசுபிசுப்பும் இழுவையும் தரும்; தனியாகச் சுட்டால் ரப்பர் போலாகிவிடும். கடையில் ‘தெப்போங் ஊபி காயூ’ என்று விற்கும் வெண்மாவு இவ்வகையைச் சேர்ந்தது.

இரண்டாம் வகை, பயற்றமாவுகள். கொண்டைக்கடலை மாவும் பாசிப்பயற்று மாவும் புரதம் உள்ளவை. அணிச்சலுக்கு உறுதி தருபவை. பாதி பயற்றமாவு, பாதி மரவள்ளி மாவு என்று தொடங்கிப் பார்க்கலாம். முட்டை அதைப் பிடித்து வைக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை: நிலக்கடலையும் பயறு இனமே. நிலக்கடலை ஆகாதவர்களில் பலர் பருப்பைத் தடையின்றி உண்கிறார்கள். சிலருக்கு மட்டும் கொண்டைக்கடலையோ பட்டாணியோ ஆகாது. ஆகவே மருத்துவரைக் கேட்காமல் புதிய பயற்றமாவைத் தொடக் கூடாது. இறக்குமதி மாவுக் கலவைகளில் வரும் லூபின் மாவையும் அப்படியே விலக்குங்கள்.

மூன்றாம் வகை, தேங்காய் மாவு. தேங்காய் இந்தக் கொட்டை இனங்களைச் சேர்ந்தது அன்று. அது ஆகாதவர்கள் மிகச் சிலரே. ஆனால் இந்த மாவு நீரை வெகுவாக உறிஞ்சும். ஒரு கோப்பைக் கோதுமை மாவுக்குக் கால் கோப்பைத் தேங்காய் மாவே போதும். முட்டையையும் பாலையும் கூட்ட வேண்டும்.

இந்தச் சங்கடம் எதுவும் இல்லாத ஒரு பலகாரமும் நம் நாட்டில் உண்டு. அது ‘பிங்கா ஊபி’. ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காத நாள்களில் மரவள்ளியைத் தின்றே உயிர் காத்த பாட்டிமார் அக்கிழங்கைப் பார்த்தாலே முகம் சுளிப்பார்கள். ஆனால் இந்தப் பிள்ளைக்கு அது வரப்பிரசாதம். தோலை முற்றாக நீக்கிய மரவள்ளிக் கிழங்கு ஒரு கிலோவைத் துருவிப் பிழியுங்கள். சாறு சற்று நேரத்தில் தெளியும். மேல்நீரைக் கொட்டிவிட்டு, அடியில் படிந்த வெண்மாவைத் துருவலோடு சேருங்கள். கிழங்கில் சயனைடு நஞ்சைத் தரும் பொருள் இருப்பதால் தோல் நீக்குவதும், பிழிவதும், நன்றாக வேகவைப்பதும் அவசியம். கசக்கும் கிழங்கை எறிந்துவிடுங்கள். 250 கிராம் சீனி, 400 மில்லிலிட்டர் கெட்டித் தேங்காய்ப்பால், இரண்டு முட்டை, சிறிது உப்பு கலந்து, 180 பாகை செல்சியஸ் சூட்டில் ஏறத்தாழ ஒரு மணி நேரம், மேல்பகுதி பொன்னிறமாகும் வரை சுடுங்கள். முழுவதும் ஆறிய பின்பே வெட்டுங்கள். கிழங்கை அவித்து உண்பதானால், இந்த மலையில் தண்ணீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதிக்கிறது. ஆகவே சமவெளியைவிடச் சற்று அதிக நேரம் அவிக்க வேண்டும்.

மாவு சரியாக இருந்தும் மற்றவை கெடுத்துவிடலாம். பேக்கிங் பவுடரில் பெரும்பாலும் சோளமாவு கலந்திருக்கும். ஒரு பங்கு சமையல் சோடாவும் இரண்டு பங்கு கிரீம் ஆஃப் டார்ட்டரும் சேர்த்து வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கஸ்டர்ட் பவுடரும் வழக்கமாகச் சோளமாவே. நிலக்கடலையும் கோதுமையும் அரைத்த ஆலையில் பயற்றை அரைக்கக் கொடுக்காதீர்கள். திறந்த மூட்டையில் அள்ளிப் போடும் மாவையும் வாங்காதீர்கள். சல்லடை, தட்டு, அரைக்கும் இயந்திரம் யாவும் கழுவப்பட்டிருக்க வேண்டும். இவர்களுக்கென ஒரு சல்லடையைத் தனியே வைப்பது இன்னும் நல்லது. மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, குளூட்டன் உள்ள தானியமும் கொட்டை வகையும் சேர்ந்திருந்தால் பொட்டலத்தில் குறிப்பிட வேண்டும். ஆகவே ‘மெங்கண்டோங்கி’ என்று தொடங்கும் வரியை ஒவ்வொரு முறையும் படியுங்கள். தெரிந்த பொட்டலத்திலும் கலவை மாறக்கூடும்.

உதடு வீங்குதல், உடல் தடித்தல், வாந்தி, மூச்சுத் திணறல் கண்டால் கைவைத்தியம் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். மருத்துவர் அட்ரினலின் ஊசி கொடுத்திருந்தால் உடனே போட்டுவிட்டு, 999ஐ அழையுங்கள்.

நேயர்களே, பெயரைக் கேட்டு வாங்காமல், எந்தச் செடியின் எந்தப் பகுதி என்று கேட்டு வாங்குங்கள். பள்ளி விருந்துக்கு ஒரு தட்டு பிங்கா சுட்டு அனுப்புங்கள். அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனித் தட்டு வேண்டாம். ஒரே தட்டிலிருந்து எல்லாரும் எடுத்து உண்ணட்டும்.