பேட்டரியை மாற்றும் முன் சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள்



நம் ஜமாஅத்தில் பழைய மாருதி 800, ஆம்னி வைத்திருக்கும் குடும்பங்கள் பல. காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது. தள்ளி ஸ்டார்ட் செய்கிறோம். மறுவாரம் மீண்டும் அதே கதை. கடைக்குப் போனால், "பேட்டரி போயிடுச்சு பாய், புதுசு போட்டுடுங்க" என்கிறார்கள். சில ஆயிரம் கொடுத்துப் புதியது போட்டாலும் மூன்றே மாதத்தில் அதுவும் இறங்கிவிடுகிறது. இரவில் பிரசவ வலி கண்டவரை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டிய நேரத்தில் வண்டி இப்படி நின்றால் என்னாகும்?

பேட்டரி, மின்சாரத்தைச் சேமிக்கும் தொட்டி. வண்டி ஓடும்போது அதை நிரப்புவது ஆல்டர்னேட்டர். நம் மெக்கானிக்குகள் பலர் அதை இன்றும் டைனமோ என்பார்கள். தொட்டியை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் நிரப்பும் வேலை சரியாகிவிடாது.

எலக்ட்ரிகல் கடையில் சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கும். அதை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, இரவு முழுக்க நின்ற வண்டியின் பேட்டரியில் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்து பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 12 சொச்சத்திலேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. பேட்டரி தண்ணீர் சீக்கிரம் வற்றுவதும் பல்புகள் அடிக்கடி ஃபியூஸ் ஆவதும் இதன் அடையாளங்கள்.

சார்ஜ் ஏறவில்லை என்றதும் ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிட வேண்டாம். முதலில் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, கண்ணாடி போல் வழவழப்பாகிவிட்டதா என்று பாருங்கள். அடுத்தது, சாவியை மட்டும் போட்டால் டேஷ்போர்டில் எரியும் சிவப்பு பேட்டரி விளக்கு. பல பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளத் தேவையான சிறு மின்சாரம் இந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் ஆனால் சார்ஜும் நின்றுபோகலாம். விளக்கு எரியாதிருப்பதை நல்ல அறிகுறி என்று நினைப்பவர்கள் நிறைய.

அதன் பிறகு எர்த் வயர். நம் தெருவில் ஒரு குடும்பம் ஓராண்டில் இரண்டு பேட்டரி வாங்கியது. கடைசியில் பார்த்தால், இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் வயரின் போல்ட் துருவேறிக் கிடந்தது. இதைக் கண்டுபிடிப்பது எளிது. இன்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை ஆல்டர்னேட்டர் உடம்பிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ துரு அல்லது தளர்ச்சி. டெர்மினலில் பூக்கும் வெள்ளை, பச்சைப் பொடியைச் சுடுதண்ணீரில் கழுவி, உலர்த்தி, இறுக்கி, வாஸ்லின் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாட்டும்போது அது கடைசியில்.

வீட்டுக்காரர் வளைகுடாவில் இருக்க, வண்டி வாரக்கணக்கில் நிற்கும் வீடுகளுக்கு வேறு பிரச்சினை. பின்னால் பொருத்திய ஸ்டீரியோ, அலாரம் போன்றவை வண்டி நிற்கும்போதும் மின்சாரம் குடிக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை பொறுக்கலாம். 200 மில்லி ஆம்பியர் போனால் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒரே வாரத்தில் காலி. செல்ஃப் அதற்கும் முன்பே எடுக்காது. கடைத்தெருவரை ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்தால் இந்த இழப்பு ஈடாகாது. வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், அல்லது நெகட்டிவைக் கழற்றி வையுங்கள்.

இன்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றி 'டைனமோ வேலை செய்கிறதா' என்று பார்க்கும் பழக்கம் சில பட்டறைகளில் இன்னும் உண்டு. யார் செய்தாலும் தடுத்துவிடுங்கள். அந்த நொடியில் எகிறும் வோல்டேஜில், எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளின் கம்ப்யூட்டர் எரிந்துபோகலாம். அதன் விலை பல பேட்டரிகளுக்குச் சமம்.

எலக்ட்ரீஷியனிடம் போகும்போது "பேட்டரி நிக்கல" என்று மட்டும் சொல்லாமல், நின்றபோது எத்தனை வோல்ட், ஓடும்போது எத்தனை, விளக்கு எரிகிறதா என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.